"வீட்டுல யாருக்கும் இருக்கா?": தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர்களுக்குத் தன்னுடல் தாக்குநோய் பற்றிய எளிய விளக்கம்

புறநோயாளிச் சீட்டில் எழுதிக்கொண்டே டாக்டர் கேட்பார்: "வீட்டுல யாருக்கும் சுகர் இருக்கா? தைராய்டு? மூட்டுவாதம்?" பெரும்பாலானவர்களுக்கு இது அரை நிமிடக் கேள்வி. தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர் அந்த இடத்தில் தயங்கி, கூட வந்த அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். "இல்ல டாக்டர், எங்க பக்கம் யாருக்கும் இல்ல" என்று அம்மா சொல்லிவிடுவார். அம்மா சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் சொன்னது தன்னுடைய ரத்த உறவுகளைப் பற்றி. சீட்டில் "குடும்ப வரலாறு: இல்லை" என்று ஏறிவிடும். அடுத்து பார்க்கும் டாக்டரும் அதை நம்பித்தான் படிப்பார்.

அங்கே எழுதப்பட வேண்டிய சொல் "தெரியாது". "இல்லை" என்று படிக்கும் டாக்டர் தன் சந்தேகத்தை ஒரு படி இறக்கிக்கொள்வார். "தெரியாது" என்று படிப்பவர் நோய்க்குறியை மட்டும் வைத்து யோசிப்பார், தேவைப்பட்டால் ஒரு பரிசோதனையைச் சற்று முன்னதாகவே எழுதுவார். தன்னுடல் தாக்குநோய்களைப் பொறுத்தவரை இந்த ஒரு சொல் வித்தியாசம் சில மாதங்களை மிச்சப்படுத்தும். முடக்குவாதம் போன்ற நோயில் முதல் சில மாதங்களில்தான் மூட்டை நன்றாகக் காப்பாற்ற முடியும்.

தன்னுடல் தாக்குநோய், ஆட்டோஇம்யூன் நோய் என்றெல்லாம் சொல்வது இதைத்தான்: கிருமியை அழிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி நம் உடலின் சொந்தத் திசுவையே அந்நியம் என்று நினைத்துத் தாக்குவது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சிறிய சுரப்பி இருக்கிறது. டி அணுக்கள் எனப்படும் வெள்ளையணுக்கள் அங்கேதான் பழகி வெளியே வருகின்றன. உடலின் சொந்தப் பொருளைப் பார்த்துச் சீறும் அணுக்கள் அங்கேயே அழிக்கப்பட்டுவிடும். சில தப்பித்து வெளியே வந்துவிடும். அப்படித் தப்பியவற்றை அடக்கி வைக்க வேறு அணுக்கள் உண்டு. அந்த அடக்குமுறையும் தளரும்போது நோய் தொடங்குகிறது. தாக்குதல் மூட்டில் விழுந்தால் முடக்குவாதம், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களில் விழுந்தால் முதல் வகை சர்க்கரை நோய், தைராய்டில் விழுந்தால் ஹாஷிமோட்டோ (சுரப்பு குறைவது) அல்லது கிரேவ்ஸ் (சுரப்பு மிகுவது), தோலின் நிறமி அணுக்களில் விழுந்தால் வெண்புள்ளி. தோல், மூட்டு, சிறுநீரகம், ரத்தம் என்று பல இடங்களில் ஒரே சமயத்தில் விழுந்தால் அது லூபஸாக இருக்கலாம். இவற்றில் எதுவும் ஒட்டுவாரொட்டி இல்லை. வளர்த்த அம்மாவுக்கு லூபஸ் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைக்கு வராது, பிள்ளைக்கு இருப்பது அம்மாவுக்கும் தொற்றாது.

பரம்பரையில் எவ்வளவு வருகிறது?

இங்கேதான் பயமும் குழப்பமும் அதிகம். ஆறாவது குரோமோசோமில் எச்.எல்.ஏ. என்ற மரபணுக் கூட்டம் இருக்கிறது. எது நம்முடையது, எது அந்நியம் என்று அணுக்களுக்குக் காட்டும் வேலை அதனுடையது. அதில் சில வகைகள் உள்ளவர்களுக்குச் சில நோய்கள் வரும் வாய்ப்பு கூடுதல். அதற்குமேல் அது எதையும் தீர்மானிப்பதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களில் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால் மற்றவருக்கும் வருவது 100-க்கு ஏறக்குறைய 15 தடவைதான். மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும் இவ்வளவுதான். மீதியைப் புகை, தொற்று, ஹார்மோன், தற்செயல் எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன.

இன்னொரு கணக்கும் ஆறுதல் தரும். புதிதாக முதல் வகை சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படும் 10 பேரில் ஏறக்குறைய 9 பேருக்குப் பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்கும் அந்த நோய் இருப்பதில்லை. ஆக, குடும்ப வரலாறு முழுதாகத் தெரிந்தவர்களுக்கும் இந்த நோய் முன்னறிவிப்பு இல்லாமல்தான் வருகிறது. தத்துப் பிள்ளை அந்த வகையில் தனித்து நிற்கவில்லை.

பிறகு ஏன் குடும்ப வரலாறு கேட்கிறார்கள்? இந்த நோய்கள் ஒரு குடும்பத்தில் எப்போதும் ஒரே பெயரில் வருவதில்லை. அப்பத்தாவுக்குத் தைராய்டு, அத்தைக்கு வெண்புள்ளி, பேரனுக்கு முதல் வகை சர்க்கரை என்று வேறு வேறு முகம் காட்டும். இப்படி இரண்டு மூன்று பேர் இருந்தால் டாக்டர் காது கொடுப்பார். தெரியாதவர் இழப்பது இந்த எச்சரிக்கையை மட்டும்தான். நோயைக் கண்டுபிடிப்பது நோய்க்குறியும் பரிசோதனையும். அவை எல்லாருக்கும் ஒன்றுதான்.

சொந்தத்துக்குள் வளர்ந்தவர்கள்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் தத்து என்றால் முக்கால்வாசி சொந்தத்துக்குள் நடப்பது. தங்கச்சி பெற்றதை அக்கா வளர்ப்பார், அண்ணன் பிள்ளையைத் தம்பி வீட்டில் விடுவார்கள். பல நேரம் பத்திரம்கூட இருக்காது. இவர்களுக்குக் குடும்ப வரலாறு "தெரியாது" இல்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

யாருடைய நோய் எவ்வளவு கணக்கில் வரும் என்பதற்கு எளிய அளவு உண்டு. பெற்ற அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்களோடு மரபணுவில் பாதி பங்கு. தாத்தா, பாட்டி, ரத்த வழியில் சித்தி, பெரியம்மா, மாமா, அத்தை, சித்தப்பா என்றால் கால் பங்கு. அவர்களுடைய பிள்ளைகளோடு அரைக்கால். பெரியம்மா வளர்த்த பிள்ளைக்குப் பெரியம்மாவின் தைராய்டு கால் பங்கு உறவாகக் கணக்கில் சேரும். அதை "வளர்த்த அம்மா" என்று ஒதுக்கிவிடக் கூடாது. வளர்த்த அப்பா பெற்ற அம்மாவுக்குத் தாய்மாமன் மகன் என்றால் அவரும் வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு சொந்தம். முறைமாப்பிள்ளைக் கல்யாணம் சகஜமான நம் ஊரில் இதை ஒரு தாளில் வரைந்து பார்த்தால்தான் தெளியும்.

எப்படிக் கேட்பது என்பது அதைவிட முக்கியம். "ஆட்டோஇம்யூன் இருக்கா?" என்று கேட்டால் அம்மாச்சிக்கு விளங்காது. கண்ணால் பார்த்ததைக் கேட்க வேண்டும். சரவாங்கி வந்து விரல் கோணிப்போனவங்க யாரு? கழுத்து முன்னால வீங்கினது யாருக்கு? சின்ன வயசுலயே இன்சுலின் ஊசி போட ஆரம்பிச்சவங்க உண்டா? உடம்புல வெள்ளைத் தழும்பு, தலையில புழுவெட்டு, செதிள் செதிளா உதிருற படை யாருக்காவது? கரு மூணு நாலு தடவை தங்காமப் போனது யாருக்கு? வயசுப் புள்ளையா இருக்கும்போதே முகம் கால் வீங்கி கிட்னி போனவங்க? ஒவ்வொரு பதிலுக்கும் எந்த வயதில் தொடங்கியது என்பதையும் குறிக்க வேண்டும்.

வெண்புள்ளியை இன்னமும் சில வீடுகளில் வெண்குஷ்டம் என்று சொல்லி மறைக்கிறார்கள். அது தொழுநோய் இல்லை, தொற்றாது என்று முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால் வாய் திறப்பார்கள். "சுகர் இருக்கு" என்று மட்டும் வரும் பதிலும் போதாது. ஐம்பது வயதில் வந்து மாத்திரையில் அடங்கும் சர்க்கரை இரண்டாம் வகை. அதுவும் பரம்பரையில் வரும், ஆனால் தன்னுடல் தாக்குநோய் இல்லை. ஒல்லியான பிள்ளைக்குத் திடீரென வந்து முதல் நாளிலிருந்தே இன்சுலின் என்றால் அது முதல் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தத்துக் கொடுக்கும் முகமை வழியாக வந்தவர்கள்

இவர்களுக்குக் கையில் இருக்கும் காகிதங்கள் இரண்டு: குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை. தத்தெடுத்த நாளில் பீரோவில் வைத்ததோடு சரி, பலர் அவற்றைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை. எடுத்துப் படியுங்கள். பெற்ற தாயின் வயது, பிரசவம் நடந்த விதம், பிறந்த எடை இருக்கலாம். பச்சைக் குழந்தையின் குறிப்பில் பெற்றவளின் நோய் ஒளிந்திருக்கவும் கூடும்.

தாயின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குள் போகும். தாய்க்கு ஆன்டி ரோ என்ற எதிர்ப்புப் புரதம் இருந்தால், அரிதாகக் குழந்தை பிறக்கும்போதே இதயத் துடிப்பு மெதுவாக இருக்கும், அல்லது முகத்தில் வட்ட வட்டமாகப் படை வரும். படை சில மாதங்களில் தானே மறையும், இதயத் துடிப்பில் விழுந்த தடை மறையாது. தாய்க்கு கிரேவ்ஸ் இருந்தால் குழந்தைக்குச் சில வாரங்களோ சில மாதங்களோ தைராய்டு மிகையாக ஓடலாம். "பிறந்தபோது நாடி குறைவு", "தைராய்டு மிகை, பின்னர் சரியானது" என்று ஒரு வரி அறிக்கையில் இருந்தால் அது குழந்தையின் வரலாறு மட்டுமில்லை. பெற்ற தாய்க்கே தெரியாமல் இருந்த நோயின் தடயமாகவும் இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் அந்தத் தாளையே காட்டுங்கள், சுருக்கிச் சொல்ல வேண்டாம்.

அரசு வைத்த தொட்டிலில் விடப்பட்ட பிள்ளைகளுக்கு இதுவும் இருக்காது. தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கியது. அந்த முதல் பிள்ளைகளுக்கு இன்று முப்பது வயது தாண்டிவிட்டது. லூபஸும் முடக்குவாதமும் தைராய்டும் பெண்களைப் பிடிக்கும் வயது அதுதான். லூபஸ் வருபவர்களில் 10-க்கு 9 பேர் பெண்கள். அவர்கள் டாக்டரிடம் "தெரியாது" என்று கூசாமல் சொல்ல வேண்டும்.

18 வயது நிறைந்தவர் தன் வேரைத் தேட விண்ணப்பிக்கத் தத்தெடுப்பு விதிமுறைகள் 2022 இடம் தருகின்றன. மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளம், தத்துக் கொடுத்த முகமை, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியவை அதற்கான வழிகள். வயது நிறையாதவர் என்றால் வளர்த்த பெற்றோருடன் சேர்ந்து கேட்க வேண்டும். வேறு ஆளை அனுப்பிக் கேட்க முடியாது. பெற்றவர் தன் அடையாளத்தைச் சொல்லக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் பெயர் வராது. விண்ணப்பத்தில் "பெயர், முகவரி வேண்டாம், உடல்நலத் தகவல் இருந்தால் போதும்" என்று தனியாக ஒரு வரி எழுதிக் கேட்பது நல்லது. பெற்றவரின் பயமும் குறையும், உங்களுக்கு வேண்டியதும் அதுதான். கோப்பு கிடைக்காமலும் போகலாம். அதற்காக மருத்துவத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

எதைக் கண்டால் டாக்டரிடம் போவது?

வரலாறு தெரியாதவருக்கு உடம்புதான் வரலாறு. இந்தக் கடற்கரையில் நோய்க்குறி பெரும்பாலும் வேலைக்குள் மறைந்துகொள்கிறது.

மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் அள்ளும் பெண்ணுக்கு விரல் மரத்துப்போவது இயல்பு. ஆனால் ஒரு விரலின் பாதி வரை கோடு போட்டதுபோல வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, கை சூடேறும்போது சிவந்து காந்தினால் அது ரேனாட், அதாவது குளிரில் விரலின் ரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்குவது. பலருக்கு அது தனியாக வந்து தொல்லையில்லாமல் இருக்கும். முப்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினாலோ, விரல் நுனியில் புண் வந்தாலோ, விரல் தோல் இறுகி மடக்க முடியாமல் போனாலோ காட்டியே ஆக வேண்டும்.

கருவாடு காயப்போடுபவர், பாசி எடுப்பவர், உப்பளத்தில் நிற்பவர் முகத்தில் வரும் நிறமாற்றத்தை "மங்கு" என்று விட்டுவிடுகிறோம். மங்கு அரிக்காது, காந்தாது, மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். லூபஸ் படை இரு கன்னத்திலும் மூக்கின் மேலும் பரவி, மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடும். வெயிலில் நின்ற ஓரிரு நாளில் கூடும். மாநிறத் தோலில் சிவப்பாகத் தெரியாது, கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். அதோடு வாய்ப்புண், மூட்டுவலி, கொத்துக் கொத்தாக முடி உதிர்தல், காரணமில்லாத காய்ச்சல், சிறுநீரில் நுரை ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால் அதே வாரம் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது முதலில் வலிக்காது. ஒழுகும் புரதம்தான் காட்டிக்கொடுக்கும்.

விசைப்படகில் போகும் இளைஞருக்கு இடுப்பு வலி என்றால் அலையில் குலுங்கியது என்பார்கள். சோதிக்க ஒரு எளிய வழி மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வேலையால் வந்த வலி என்றால் அந்த நாட்களில் குறைய வேண்டும். ஓய்வில் கூடி, விடியற்காலையில் எழுப்பிவிட்டு, நடமாடினால் குறையும் வலி 3 மாதத்துக்கு மேல் நீடித்தால், அதுவும் 45 வயதுக்குள் தொடங்கியிருந்தால், முதுகெலும்பு வாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். கண் சிவந்து வெளிச்சம் கூசுவதும் அதோடு வரலாம்.

முடக்குவாதத்தின் அடையாளம் காலை இறுக்கம். வலை பின்னும் கை காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மடங்காமல் கிடந்து, இரண்டு கைகளிலும் விரல் முட்டிகளும் மணிக்கட்டும் வீங்கி, 6 வாரத்துக்கு மேல் போனால் காத்திருக்கக் கூடாது. சிக்குன்குனியாவுக்குப் பிறகும் இதே மாதிரி மாதக்கணக்கில் வலிக்கும் என்பதால் "காய்ச்சல் விட்டுப்போன வலி" என்று பலர் ஆண்டையே கடத்திவிடுகிறார்கள். அதற்கிடையில் எங்கேயோ ஒரு "வலி ஊசி" போட்டுக்கொள்வதும் உண்டு. அதில் ஸ்டீராய்டு இருந்தால் வீக்கம் சில நாள் வடியும், பரிசோதனைக்குப் போகும் நேரத்தில் மூட்டில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது, நோய் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. படுக்கையை நனைப்பதை விட்டுவிட்ட பிள்ளை திரும்ப நனைத்தால், குடம் குடமாகத் தண்ணீர் கேட்டால், நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால், சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் அன்றைக்கே விரல் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். 200-க்கு மேல் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு சேர்ந்துவிட்டால் அது உயிராபத்து, நேராக அவசரப் பிரிவுக்கு.

தைராய்டு பற்றி ஒரு தவறான நம்பிக்கை இங்கே உண்டு: கடல் மீன் சாப்பிடுகிறோம், அயோடின் நிறைய, நமக்குத் தைராய்டு வராது என்று. ஹாஷிமோட்டோ அயோடின் குறைவால் வருவதில்லை. அளவுக்கு மீறிய அயோடின் அதைத் தூண்டவும் செய்யும். ஆகவே கடற்பாசிப் பொடியை மருந்தென்று அள்ளிச் சாப்பிட வேண்டாம்.

பரிசோதனையில் எது தேவை, எது வீண்

பெற்ற வழி தெரியாது என்ற பயத்தில் ஒரு தொந்தரவும் இல்லாதவர் முழுப் பரிசோதனைப் பொதி எடுப்பதை நாங்கள் சொல்ல மாட்டோம். உடலின் சொந்த அணுக்கருவைத் தாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஏ.என்.ஏ. என்ற சோதனை, ரத்தநீரை 40 மடங்கு நீர்த்துப் பார்க்கும் 1:40 என்ற அளவில் நல்ல உடல்நிலையில் இருப்பவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் பாசிட்டிவ் காட்டும். 1:160-லும் 100-க்கு 5 பேருக்கு வரும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டவர்கள் அதிகம். முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. காரணி நலமாக இருக்கும் முதியவர்களுக்கும் வரும், முடக்குவாதம் உள்ள சிலருக்கு வராமலும் போகும். மூட்டு வீங்கியிருந்தால் அதோடு ஆன்டி சி.சி.பி. என்ற எதிர்ப்புப் புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பது பயனுள்ளது. எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு வகை பாசிட்டிவ் என்றாலும் பெரும்பாலோருக்கு முதுகெலும்பு வாதம் வருவதே இல்லை. எச்சிலை அனுப்பி வாங்கும் மரபணு அறிக்கை வாய்ப்பைத்தான் சொல்லும், நோய் இருக்கிறதா என்று சொல்லாது.

தொந்தரவு இருந்தால் தொடக்கத்துக்கு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், தைராய்டைக் காட்டும் டி.எஸ்.எச். போதும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு, பெற்ற தாயின் தைராய்டு தெரியாத நிலையில், டி.எஸ்.எச். முன்கூட்டியே பார்ப்பது நல்லது. மேற்கொண்டு வாதநோய் நிபுணரைப் பார்க்க மதுரை வரை போக வேண்டியிருக்கலாம். ராமேஸ்வரத்திலிருந்து ஒரு நாள் கூலி போகும் பயணம் அது. வீக்கம் இருக்கும் நாளில் கைபேசியில் எடுத்த படம், வெளுத்த விரலின் படம், பழைய சீட்டுகள் எல்லாம் கூடப் போகட்டும். நீங்கள் போகும் நாளில் விரல் சாதாரணமாக இருந்துவிடும்.

கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் "நான் தத்துப் பிள்ளை" என்று உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கு இன்னும் சொல்லாத பெற்றோரும் டாக்டரிடம் தனியாகச் சொல்லலாம். ஆனால் இந்த நோய்கள் பல பதின்வயதில் தொடங்குபவை, அதற்குள் பிள்ளைக்குத் தெரிந்திருப்பதே நல்லது என்பது எங்கள் உறுதியான எண்ணம். பதினெட்டு வயதில் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் "எங்க அம்மாவுக்கு இல்ல" என்று நம்பிச் சொல்லும் பிள்ளையிடம் தவறு இல்லை.

ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அடையாள அட்டையோடு வைத்துக்கொண்டு, கேள்வி வரும்போது எடுத்து நீட்டினால் போதும்:

"பெற்ற வழி: தெரியாது, தத்து. பிறந்த எடை 2.4 கிலோ, பிறப்புக் குறிப்பில் குறையில்லை. வளர்த்த வீடு: அப்பா புகைப்பவர், 2019-ல் காசநோய்க்கு மருந்து முடித்தவர். எனக்கு: 24 வயதில் தைராய்டு குறைவு, மாத்திரை எடுக்கிறேன். பென்சிலின் ஒவ்வாமை."

வளர்த்த வீட்டு வரி எதற்கு என்றால், புகையும் காசநோயும் ரத்தத்தில் வருவதில்லை, ஒரே கூரைக்குள் வருகின்றன. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தொடங்கும் முன் டாக்டர் காசநோய் பற்றிக் கட்டாயம் கேட்பார். "எனக்கு" என்ற வரி ஆண்டுக்கு ஆண்டு நீளும். உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் அந்த வரியை அப்படியே அதன் சீட்டில் முதல் வரியாக எழுதுங்கள்: "அம்மாவுக்கு 24 வயதில் தைராய்டு."